ஒரு பிரெட்டுக்கு எட்டுப் பைசா

தமிழ்நாட்டில் பாமாயில் என்றதும் நினைவுக்கு வருவது ரேஷன் கடை. லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் அந்தப் பாக்கெட்டை வாங்கி, வடைக்கும் பஜ்ஜிக்கும் மட்டும் என்று தனியாக எடுத்துவைப்பவர்கள் உண்டு. ‘எங்கள் வீட்டில் பாமாயில் புழங்குவதே இல்லை’ என்று பெருமைப்படுபவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பிரெட் வருகிறது. மாலை டீக்குப் பன்னோ பப்ஸோ ஊட்டி வர்க்கியோ வருகிறது. பேக்கரியில் மாவோடு சேரும் கொழுப்பு இன்று பெரும்பாலும் பாமாயிலிலிருந்து வந்ததுதான். அடுப்படியில் ஒதுக்கிய எண்ணெய், ரொட்டியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 80 லட்சம் டன். இவ்வளவு வாங்கும் நாடு, விற்பவரிடம் கேட்டுவந்தது பெரும்பாலும் ஒரே கேள்வி: என்ன விலை? எந்த நிலத்தில் விளைந்தது, அந்த நிலம் பத்தாண்டுகளுக்கு முன் காடாக இருந்ததா, குலை வெட்டியவருக்கு ஒழுங்காகக் கூலி போனதா என்றெல்லாம் ஐரோப்பா கேட்கிறது. நாம் கேட்பதில்லை. கேட்டால் விலை ஏறும், ஏழை வயிற்றில் அடிக்கும் என்பது வழக்கமான பதில். சமையல் எண்ணெயைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பிரெட்டைப் பொறுத்தவரை அந்தப் பதில் நிற்காது. காடழிக்காத, கூலியைச் சுரண்டாத பாமாயிலை இந்தியா கேட்டு வாங்கத் தொடங்க மிகச் சுலபமான இடம் ரொட்டி அடுப்புதான்.

மாவுக்குள் கொழுப்புக்கு என்ன வேலை?

மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இந்த நான்கே ரொட்டிக்குப் போதும். பிரான்ஸில் 1993ஆம் ஆண்டு அரசாணைப்படி, ‘பாரம்பரிய ரொட்டி’ என்ற பெயரில் விற்பதில் சேர்க்கைப் பொருள் எதையும் கலக்கக் கூடாது. ஆனால் அந்த ரொட்டி மறுநாளே விறைத்துவிடும். நாம் வாங்கும் பிரெட் வேறு ரகம்: தொட்டால் மெத்தென்று அமுங்க வேண்டும், துண்டு போட்டால் உதிரக் கூடாது, நாலைந்து நாள் தாங்க வேண்டும். அதற்குத்தான் கொழுப்பு.

மாவு பிசையும்போது உருவாகும் பசைப்புரத இழைகளுக்கு இடையே கொழுப்பு வழுவழுப்பைத் தருகிறது. மாவு கிழியாமல் உப்புகிறது. ஈஸ்ட் விடும் வாயு சிறு குமிழ்களாக மாவில் தங்கும்போது, கொழுப்பின் நுண்ணிய படிகங்கள் அந்தக் குமிழ்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அவை உடையாமல் காக்கின்றன. அடுப்பில் சூடேறும்போது அந்தப் படிகங்கள் உருக, குமிழ் விரிந்தாலும் வாயு வெளியேறுவதில்லை. 1961இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஆய்வுக்கூடத்தில் உருவான அதிவேகப் பிசைவு முறைக்கு இந்தக் கெட்டிக் கொழுப்பு இல்லாமல் முடியாது. இன்று பிரிட்டனில் விற்கும் பிரெட்டில் பெரும்பகுதி அந்த முறையில் தயாராவதே.

கவனிக்க வேண்டியது, இங்கே வேலை செய்வது கெட்டியான கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெய் எப்போதும் திரவம். அதில் இந்தப் படிகங்கள் கிடைக்காது. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சென்னை வெயிலில் அது கெட்டியாக நிற்பது எப்படி? வெண்ணெய் நன்றாகவே வேலை செய்யும், விலைதான் கட்டுப்படியாகாது. பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி நிறைகொழுப்பு. நம் வெப்பநிலையில் அது இயல்பாகவே அரைக்கெட்டியாக இருக்கும். கெட்டிப் பகுதியைத் தனியே பிரித்து ஸ்டியரின் என்றும், திரவப் பகுதியைப் பாமோலின் என்றும் ஆக்கலாம். தேவைக்கேற்ற விகிதத்தில் கலந்தால் பிரெட்டுக்கு ஒன்று, பப்ஸ் மடிப்புக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று என்று கொழுப்பை வடிவமைக்கலாம்.

முன்பு இந்த இடத்தில் வனஸ்பதி இருந்தது. 1937இல் சந்தைக்கு வந்த டால்டாவின் பெயரே அந்தப் பொருளின் பெயராகிவிட்ட காலம் அது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் அந்த முறையில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இதய நோய்க்கு அது நேரடிக் காரணம் என்று தெளிவான பிறகு உலகெங்கும் கட்டுப்பாடு வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2021இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் அதற்கு உச்சவரம்பு விதித்தது. நல்ல முடிவு. ஆனால் ஹைட்ரஜன் ஏற்றாமலே கெட்டியாக இருக்கும் மலிவான கொழுப்பு எது என்று தொழில் தேடியபோது, கைக்கெட்டியது பாமாயில். டிரான்ஸ் கொழுப்பைத் துரத்திய சட்டமே பேக்கரிக்குள் பாமாயிலின் பிடியை இறுக்கியது. இதனால் பாமாயில் ஆரோக்கிய உணவாகிவிடாது, நிறைகொழுப்பு நிறைகொழுப்புதான். டிரான்ஸ் கொழுப்போடு ஒப்பிட்டால் தீமை குறைவு, அவ்வளவே.

ஒதுக்கிவிட்டால் தீருமா?

பாமாயில் மீதான குற்றச்சாட்டுகள் கற்பனை அல்ல. உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. சுமத்ராவிலும் போர்னியோவிலும் மழைக்காடுகள் தோட்டங்களாயின. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் கிடந்த தாவரக் கழிவு நிறைந்த சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள்; காய்ந்த அந்த மண் தீப்பிடித்தால் நிலத்தடியிலேயே வாரக்கணக்கில் எரியும். 2015இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் புகையில் மூழ்கின. சேதம் 1,600 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அத்தனை தீயும் பாமாயிலுக்காக மூட்டியது அல்ல என்றாலும், அதில் தோட்டங்களின் பங்கு பெரிது. ஒராங்ஊத்தான், சுமத்ரா புலி உட்பட 193 அருகிவரும் உயிரினங்களுக்கு எண்ணெய்ப் பனையால் ஆபத்து என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் கணக்கிட்டது.

அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. பாமாயிலை விட்டுவிட்டு அதே அளவு எண்ணெயை வேறு பயிர்களிலிருந்து எடுக்கப் போனால் ஒன்பது மடங்கு வரை அதிக நிலம் வேண்டியிருக்கும். ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப் பனை சராசரியாக மூன்றரை டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன்னைத் தொடுவதே அரிது. சோயா விரியும்போது அழிவது தென்னமெரிக்காவின் காடும் புல்வெளியும். ஒரு காட்டைக் காப்பாற்ற இன்னொரு காட்டைப் பலியிடுவதில் என்ன நியாயம்?

2018இல் பிரிட்டனின் ஐஸ்லாந்து பல்பொருள் அங்காடி நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களிலிருந்து பாமாயிலை நீக்கப்போவதாக அறிவித்தது. பலத்த கைதட்டல் கிடைத்தது. ஆனால் தோட்டங்களில் மாற்றம் கேட்கும் வாய்ப்புள்ள ஒரு வாடிக்கையாளர் சந்தையை விட்டு விலகியதுதான் அதன் மறுபக்கம். இன்னும் அருகில் ஓர் உதாரணம் இலங்கை. 2021 ஏப்ரலில் அதிபர் கோத்தபய ராஜபக்ச பாமாயில் இறக்குமதிக்கும் புதிய எண்ணெய்ப் பனை நடவுக்கும் தடை விதித்தார். இருக்கும் மரங்களையும் பத்துப் பத்து சதவீதமாகப் பிடுங்கிவிட்டு ரப்பர் போன்ற மாற்றுப் பயிர் வைக்கச் சொன்னார். நீர்வளமும் மண்ணும் கெடுகின்றன என்ற ஊர்மக்களின் கவலை அதற்குப் பின்னணி. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தென்னை செழித்த அந்த நாட்டிலேயே தேங்காய் எண்ணெய் உள்நாட்டுத் தேவைக்குப் போதவில்லை. பாணும் (பிரெட்) பணிசும் (பன்) அன்றாட உணவான நாட்டில் ஒரே நாளில் ஒரு கொழுப்பை நிறுத்தினால், மார்ஜரினுக்கு வேறு வழி சொல்லியாக வேண்டும். வழி சொல்லாமல் வந்த தடை அது.

தமிழரின் வியர்வையும் உண்டு

பாமாயிலின் கதையில் காட்டைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழர்கள் அதைப் பேசாமல் இருக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு நான்கு கன்றுகளாக வந்தது. மலேசியாவில் முதல் வணிகத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது. 1960களிலிருந்து ரப்பர் விலை சரியச் சரிய, பால்மரம் சீவிய தோட்டங்கள், அங்கே செம்பனை என்று அழைக்கப்படும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் தமிழர்கள். ஆண்கள் குலை வெட்டினார்கள். பெண்கள் உதிரிப்பழம் பொறுக்கினார்கள், முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்தார்கள். பாராகுவாட் போன்ற களைக்கொல்லிகளைத் தக்க பாதுகாப்பு இல்லாமல் தெளித்த பெண்களின் நிலையை மலேசியாவின் தெனாகனித்தா அமைப்பு 2002இல் ஆய்வாக வெளியிட்டது. பாராகுவாட்டுக்கு அங்கே தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.

பிறகு தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் நகரங்களாகவும் மாறியபோது, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் லயத்து வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து வெளியேறின. செம்பனைக் காட்டில் அவர்கள் விட்ட இடத்துக்கு இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும் வந்தார்கள். முதலாளிகள் கடவுச்சீட்டைப் பிடித்துவைப்பதும், வேலைக்கு வரவே கடன்பட வைப்பதும் தொடர்ந்தன. கட்டாய உழைப்பு நடப்பதற்கான அறிகுறிகள் உள்ளன என்று கூறி 2020இல் அமெரிக்கச் சுங்கத் துறை மலேசியாவின் எஃப்ஜிவி, சைம் டார்பி ஆகிய இரு பெரும் நிறுவனங்களின் பாமாயிலுக்குத் தடை விதித்தது. சைம் டார்பி குறைகளைச் சரிசெய்த பிறகு 2023இல் அதன் மீதான தடை நீங்கியது. இரண்டுமே வளங்குன்றா பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பின் உறுப்பினர்கள் என்பதை மறக்கக் கூடாது.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

ஆர்எஸ்பிஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த அமைப்பு 2004இல் உருவானது. தோட்ட முதலாளிகள், எண்ணெய் வணிகர்கள், உணவு நிறுவனங்கள், சூழல் அமைப்புகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் ஏற்பாடு. 2018இல் திருத்திய அதன் விதிகள் காடழிப்பையும் சதுப்பு நிலத்தில் புதிதாகப் பயிரிடுவதையும் தடுக்கின்றன. உலகப் பாமாயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று அதன் சான்றைப் பெற்றது.

அந்தச் சான்றிலும் படிகள் உண்டு. ஒரே தோட்டத்து எண்ணெயைக் கடைசிவரை தனியே கொண்டுவருவது ஒன்று. சான்று பெற்ற பல தோட்டங்களின் எண்ணெயை மட்டும் ஒன்றாகச் சேர்ப்பது இரண்டாவது. சான்று பெற்றதும் பெறாததும் கலக்க விட்டு, கணக்கை மட்டும் சரிபார்ப்பது மூன்றாவது. கிராமத்துப் பால் சங்கத்தில் எல்லார் வீட்டுப் பாலும் ஒரே கேனில் கலந்தாலும், யார் எத்தனை லிட்டர் ஊற்றினார் என்று நோட்டில் இருக்குமே, அதைப் போல. எண்ணெயைத் தொடாமல், பொறுப்பாக விளைவித்தவருக்குச் சேர வேண்டிய கூடுதல் தொகையை மட்டும் சான்றுப் பத்திரமாக வாங்குவது நான்காவது. டப்பாவின் மேல் பச்சைப் பனை முத்திரை இருந்தாலே உள்ளே இருப்பது காடழிக்காத எண்ணெய்தான் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அமெரிக்கத் தடை காட்டியதுபோல, தணிக்கையாளர் கண்ணில் படாதவையும் உண்டு. உலகப் பாமாயிலில் 40 சதவீதம் அளவுக்கு விளைவிப்பவர்கள் சிறு விவசாயிகள்; நாலைந்து ஹெக்டேர் வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் செலவு தலைக்கு மேல். இத்தனை ஓட்டைகள் இருந்தும் சான்றை நான் ஆதரிப்பது ஏன்? எந்தத் தோட்டம், எந்த ஆலை என்று பெயர் சொல்லிக் கேள்வி கேட்கவும், புகார் கொடுக்கவும் அது ஒரு பிடியைத் தருகிறது. சான்று இல்லாத எண்ணெயில் அந்தப் பிடிகூடக் கிடையாது. இன்னொரு வேதனை: பல ஆண்டுகளில் சான்று பெற்ற எண்ணெயில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் அந்தப் பெயரில் வாங்குபவர்கள் கிடைத்தார்கள். மீதி சாதாரண எண்ணெயாகவே விற்றது. விளைவித்தவர் செலவு செய்துவிட்டார். கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

கேட்காமல் இருப்பதன் விளைவு இனி இன்னும் கூர்மையாகும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பாமாயிலை உள்ளே விடுவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அமலாக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போட்டாலும் திசை மாறவில்லை. அது நடைமுறைக்கு வரும்போது, கேள்வி கேட்கும் சந்தைக்கு நல்ல எண்ணெயும், கேட்காத சந்தைக்கு மற்றதும் போகும். உலகின் மொத்தக் காடழிப்பு குறையாது. அதன் கணக்கு மட்டும் நம் பெயருக்கு மாறும்.

பைசா கணக்கு

இப்போது விலைக்கு வருவோம். 400 கிராம் பிரெட்டில் மாவு ஏறத்தாழ 260 கிராம். மாவில் இரண்டு, மூன்று சதவீதம் கொழுப்பு என்றால் ஒரு பிரெட்டுக்கு ஐந்திலிருந்து எட்டு கிராம். ஆறு கிராம் என்று கொள்வோம். பேக்கரிக் கொழுப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் அந்த ஆறு கிராமின் விலை 84 பைசா. சான்று பெற்ற எண்ணெய்க்குப் பத்து சதவீதம் கூடுதல் என்று தாராளமாகவே போட்டாலும், ஒரு பிரெட்டுக்கு ஏறுவது எட்டுப் பைசா. உறையில் அச்சடிக்கும் வண்ணத்தைக் கூட்டினாலே அதைவிட அதிகம் செலவாகும். பப்ஸ், பிஸ்கட்டில் கொழுப்பு பல மடங்கு என்பதால் கணக்கு மாறும். அதனால்தான் தொடக்கம் பிரெட்டாக இருக்கட்டும் என்கிறேன்.

இந்தப் பொறுப்பைத் தெருமுனை பேக்கரியின் தலையில் கட்டக் கூடாது. மாஸ்டரும் இரண்டு பையன்களும் நடத்தும் கடை, 15 கிலோ டின்னாக வாங்கும் மார்ஜரினின் ஊர் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? டின்னை நிரப்பும் ஆலைகள் நாட்டில் சொற்பம். பெரிய பிரெட் நிறுவனங்களும் சொற்பம். கேள்வியை அங்கே வைத்தால் போதும், பதில் தானாகவே டின் வழியாக ஆயிரக்கணக்கான கடைகளுக்கு இறங்கும்.

அரசின் கையில் இதைவிட வலுவான கருவி உண்டு: சுங்க வரி. கச்சாப் பாமாயில் மீதான அடிப்படை இறக்குமதி வரியை இந்தியா 2024 செப்டம்பரில் 20 சதவீதமாக உயர்த்தி, 2025 மே இறுதியில் 10 சதவீதமாகக் குறைத்தது. விலைவாசிக்கும் விவசாயிக்கும் ஏற்ப இப்படி ஏற்றி இறக்கும் வரியில், காடழிக்காத எண்ணெய்க்கு ஓரிரு சதவீதம் சலுகை தர என்ன தடை? முன்னுதாரணம் இருக்கிறது. இந்தோனேசியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்தைச் சுவிட்சர்லாந்து 2021 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது, 51.6 சதவீதத்தினர் ஆதரித்தனர். பாமாயிலுக்கான வரிச் சலுகை அதில் சான்று பெற்ற எண்ணெய்க்கு மட்டுமே. வாங்கும் அளவில் நம் பக்கத்தில்கூட வர முடியாத ஒரு சிறிய நாடு அந்த நிபந்தனையை எழுதி வாங்கியது.

அடுத்தது அரசுக் கொள்முதல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, மொத்தத்தில் ஒரு சிறு பங்காவது சான்று பெற்றதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். 25 ரூபாய் விலையைத் தொட வேண்டியதில்லை. அரசு கூடுதலாகச் சுமப்பது சிறு தொகை. மூன்றாவது, பாக்கெட்டின் பின்புறம். எந்த எண்ணெய் என்று அச்சிடும் நாம், பிரெட்டை மென்மையாக்கும் 471, 481 என்ற எண்களுக்குப் பின்னால் இருப்பதும் பல நேரம் பாமாயிலின் வழித்தோன்றல்தான் என்பதைச் சொல்வதில்லை. மூலப்பொருள் எது, சான்று உண்டா என்பதையும் சேர்த்து அச்சிட ஆணையிடலாம்.

இந்த அளவுகோல் வெளிநாட்டுக்கு மட்டும் என்றால் அது கபடம். 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் ஒன்றிய அரசு தொடங்கிய எண்ணெய்ப் பனைத் திட்டத்தின் பார்வை வடகிழக்கு மாநிலங்கள் மீதும் அந்தமான் மீதும் இருக்கிறது. இறக்குமதியைக் குறைக்கும் நோக்கத்தில் தவறில்லை. ஆனால் மிசோரத்தின் மலைக்காட்டை அழித்து விளைவித்தால், அது போர்னியோவின் எண்ணெயைவிட எந்த வகையில் உயர்ந்தது? சமவெளியில் வைத்தாலும், கோடையில் ஒரு மரத்துக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் வரை தண்ணீர் கேட்கும் பயிர் இது. ஹெக்டேருக்கு 143 மரம். காவிரிப் படுகையில் ஊக்குவிப்பவர்கள் நிலத்தடி நீர்க் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கன்று கொடுக்க வேண்டும். காடு இல்லாத நிலம், தண்ணீர் தாங்கும் நிலம், கூலிக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதம் ஆகிய மூன்றும் உள்நாட்டுத் தோட்டத்துக்கும் பொருந்த வேண்டும்.

எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் டெல்லியில் ஒரு வரி அறிவிக்கை வருகிறது. இனி வரும் அறிவிக்கையில், சான்று பெற்ற எண்ணெய்க்கும் மற்றதற்கும் ஒரே வரியா என்ற கேள்வியை நாடாளுமன்றத்தில் யாராவது எழுப்பட்டும். தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்தத் தோட்டத்து எண்ணெயில் சுட்ட ரொட்டியைத் தின்பவர்களுக்கும் பிரதிநிதியாக இருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு அதை எழுப்ப மற்றவர்களைவிடக் கூடுதல் உரிமை உண்டு.